கிழக்கே எத்தனை விரற்கடை?

அன்று காலை வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடி முடியப்போகிற நேரம். கொள்ளிடத்துப் படுகையில், இன்னும் முத்தாத பூவன் வாழைத் தார்களுக்கு நடுவே, ஒரு கையில் அரிவாளும் மறு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. ஆற்றில் வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. மிச்சமெல்லாம் மணல்.

“வெட்டுங்க” என்றேன்.

தார் வெட்ட வந்திருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் வானத்தைப் பார்த்தார்கள். மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

“காய் இன்னும் திரளவே இல்லையேக்கா. இருவது நாள் போவட்டுமே” என்றார் அவர்களில் மூத்தவர்.

“இருவது நாள் கழிச்சு வந்தீங்கன்னா முங்கித்தான் வெட்டணும். ஆரம்பிங்க.”

அடுத்த கொல்லையில் கலியபெருமாள் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப்போலவே படுகையில் குத்தகைக்கு வாழை வைப்பவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், பேச்சில் என்னைவிட இருபது வயது மூத்தவர். குச்சியை எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“என்னக்கா, தங்கச்சி போன் பண்ணிட்டாங்களா?”

அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

மாட்டுக்காக என் மாமியாரோடு நான் போட்ட சண்டையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டு, திருவிடைமருதூரிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருக்கிறார். “எல்லா வாரமும் நீங்களே ஜெயிக்கிறீர்களே, ஒரு தடவையாவது தோற்றதுண்டா?” என்று கேட்டிருக்கிறார். உண்டு அம்மா. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

மலையில் ஒரு வாளி

படுகை என்பது ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கிற நிலம். வண்டல் மண். எதை வைத்தாலும் கொழுகொழுவென்று வரும். ஆனால் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவதும் அதுதான். ‘படுகையில் வைத்தவன் பாதி விவசாயி, பாதி சூதாடி’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் சூதாடியாக இருக்க விரும்பவில்லை. எனக்கு ஒரு தங்கை இருந்தாள்.

வளர்மதியை குடகு மலையில் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தோம். அவளோடு போன சீரில் கும்பகோணத்தில் வாங்கிய ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் போனது. வாயும் அடியும் ஒரே அகலம் உள்ள வாளி. ஒரு மழைக்காலத்தில் அதை முற்றத்தில் மறந்து வைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் உள்ளே தண்ணீர். விரலை விட்டு அளந்து, “அக்கா, நேத்து ஒரு நாள்ல நாலு வெரக்கடை பேஞ்சிருக்கு” என்று விளையாட்டாகச் சொன்னாள். நாலு விரலைச் சேர்த்துக் குறுக்கே வைத்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு.

நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. குடகில் விழுகிற மழைதானே காவிரி? மேலே இருக்கிற அணைகள் எல்லாம் நிரம்பியிருந்தால், அங்கே விழுந்தது அப்படியே புறப்பட்டு நம்மைப் பார்க்க வரும். அணை திறந்தார்கள் என்று டிவியில் சொன்ன பிறகு தாரை வெட்டப் போனால், படுகை மொத்தமும் அதே நாளில் வெட்டும். ஆள் கிடைக்காது, வண்டி கிடைக்காது, வியாபாரி போனையே எடுக்க மாட்டார். மலையில் பெய்யும்போதே எனக்குத் தெரிந்தால் கையில் சுளையாக இரண்டு நாள் கூடுதலாக இருக்கும்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனியிலிருந்து ஆவணி வரை தினமும் விடியற்காலையில் ஒரு போன். “மழை எவ்வளவுடி?” என்பேன். “ரெண்டு வெரக்கடை” என்பாள். வைத்துவிடுவேன். நாலு வருஷம் என் கணக்கு பொய்க்கவே இல்லை. எனக்கு ‘மழைக்காரி’ என்று பெயரே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். மழையையே பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு அவரும் எனக்கு வெள்ள ஆலோசனை சொல்வார். நான் கேட்டுக்கொள்வது இல்லை.

வராத வெள்ளம்

ஐந்தாம் வருஷம் ஒரு விடியற்காலையில் வளர்மதியே கூப்பிட்டாள். “அக்கா, வாளி வழிஞ்சிடுச்சு. எவ்வளவுன்னே தெரியல” என்றாள். அதுவரை வாளி வழிந்ததே இல்லை. மறுநாளும் வழிந்தது, அதற்கு மறுநாளும் வழிந்தது.

நான் கொல்லை கொல்லையாக ஓடினேன். வெட்டிவிடுங்கள், மாட்டைக் கரையேற்றுங்கள் என்று ஒருவர் விடாமல் சொன்னேன். ‘அக்கா சொன்னா சரியா இருக்கும்’ என்று கலியபெருமாள்தான் முதல் அரிவாளைப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வெட்டினார்கள். விரல் தடிமன்கூட இல்லாத காய். பஜ்ஜிக் கடைக்காரர்கள்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கினார்கள்.

கரையில் நின்று பார்த்தோம். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். கொள்ளிடத்தில் காக்கா குளிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. வெள்ளம் வரவே இல்லை.

கலியபெருமாள் அந்த வாழையை நம்பித்தான் மகளை நர்சிங் காலேஜில் சேர்ப்பதாக இருந்தார். அந்தப் பெண் ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம், “என்னக்கா, வெள்ளம் கெளம்பிடுச்சா, பஸ்ஸு கெடைக்கலையா?” என்று கேட்பார். அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

நான் ரயிலேறி மைசூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அதுதான் நான் அங்கே போன முதல் தடவை. போனது அவளைப் பார்க்க அல்ல, சண்டை போட.

முகட்டில்

பஸ் ஏறும்போது ஆவணி வெயில். மலையின் முகட்டில் ஒரு கணவாய் வழியாகச் சாலை அந்தப் பக்கம் திரும்பியது. திரும்பின உடனே கண் தெரியவில்லை. மழையும் பனியும் ஒன்றாகக் கலந்து அடித்தது. குடை விரித்ததும் கம்பிதான் கையில் நின்றது. மரமெல்லாம் பாசி. வீட்டுக்குள் போய்க் காலைப் பார்த்தால் மூன்று அட்டை.

“எப்பவும் இப்படியா?” என்றேன்.

“இந்தப் பக்கம் இப்படித்தான்” என்றார் தங்கை வீட்டுக்காரர் சந்திரன். எஸ்டேட் முகட்டுக்கு இரண்டு பக்கமும் பரவிக் கிடந்தது. கிழக்குச் சரிவில் காப்பி, மேற்குச் சரிவில் ஏலக்காய். வாளி வழிவதற்கு முந்தின தையில்தான் அவரைக் காப்பிப் பக்கத்திலிருந்து ஏலக்காய்ப் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். வாளியும் கூடவே மாறிவிட்டது.

மறுநாள் அவர் என்னைக் கிழக்கே கூட்டிப்போனார். நடந்து முக்கால் மணி நேரம் இருக்கும். அங்கே காப்பிக்கொட்டை காயவைக்கிற சிமென்ட் களத்தில் வெறும் தூறல். வளர்மதி வீட்டில் குடம் குடமாகக் கொட்டுகிற அதே நேரத்தில் இங்கே ஒரு சொம்பு. இத்தனைக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு முகடு.

“காத்து கடல்லேர்ந்து ஈரத்தத் தூக்கிக்கிட்டு வருதுக்கா” என்றார் சந்திரன். “நம்ம ஊர்னா தட்டுத் தடங்கல் இல்லாமப் போயிடும். இங்க மலை குறுக்க நிக்குது, ஏறித்தான் ஆவணும். ஏற ஏறக் குளுரு. குளுருல ஈரத்த வச்சுக்க முடியாம மேக்குப் பக்கமே கொட்டிடுது. கெழக்க எறங்குறப்ப கை காலியாத்தான் எறங்கும்.”

“அப்ப உச்சியில கொண்டுபோயி வாளிய வச்சா இன்னும் அதிகமா இருக்கும்?”

“எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. உச்சிக்குப் போறதுக்கு முன்னாடியே கொட்டி முடிச்சிடும்க்கா. நடுச் சரிவுலதான் அடி. அதுலயும் பள்ளத்தாக்கு குறுகுற எடத்துல காத்து நெருக்கிக்கிட்டு ஏறும். அங்க மேகம் வந்து நின்னா நாள்கணக்குல நவுறாது.”

“சரி, மேக்க விழுந்த தண்ணி எங்க போவுது?”

அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். “அரபிக் கடலுக்கு.”

நான் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு சொட்டுக்கூடக் காவிரிக்கு வராத மழையை நம்பி, படுகை மொத்தத்தையும் வெட்ட வைத்திருக்கிறேன். டெல்டாவில் பிறந்தவளின் புத்தி அது. எங்கள் ஊரில் தெற்குத் தெருவில் பெய்தால் வடக்குத் தெருவிலும் பெய்யும். நிலம் தாம்பாளம்போல் கிடக்கும். ஒரு மேடு மழையை இரண்டாகப் பங்கு போடும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் எகிறினேன். “பக்கம் மாறினத ஏண்டி சொல்லல?”

“சொன்னேனேக்கா. வீடு மாத்திக் கொடுத்திருக்காங்க, பின்பக்கம் சன்னலத் தொறந்தா மலையோட முதுகுதான் தெரியுதுன்னு சொன்னேன். நீ, ‘சரி சரி, மழை எவ்வளவு’ன்னு கேட்ட.”

அந்தச் சன்னலைத் திறந்து பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் மலையைச் செங்குத்தாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். மண்ணிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. “ரொம்ப ஈரமா இருக்கே” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, கிழக்குக் களத்திலும் ஒரு வாளி வைக்க முடியுமா என்று சந்திரனிடம் கேட்கப் போய்விட்டேன்.

ஊர் திரும்பியதும் அதே அளவில் இன்னொரு வாளி வாங்கி அனுப்பினேன். மேற்கு வாளி வளர்மதி பொறுப்பு, கிழக்கு வாளி சந்திரன் பொறுப்பு. அதன் பிறகு என் கேள்வி, “கெழக்க எத்தன வெரக்கடை?” என்று மாறியது. இரண்டு வருஷம் கிழக்கு வாளி இரண்டு விரற்கடையைத் தாண்டவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ரெண்டு பக்கமும் ஒன்றாக

இனி அந்த வெயில் காலைக்கு வருகிறேன். அன்று விடியும்போது வளர்மதியிடமிருந்து போன்.

“அக்கா, நேத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒண்ணா ஊத்துது. கெழக்க ஆறு வெரக்கடை. நானே அளந்தேன்.”

“ஆறா? நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன். கெழக்கதான், களத்துல.”

“சரி வை, நான் ஆளுக்குச் சொல்லணும்.”

கிழக்கே ஆறு என்றால் என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும். காற்று மேற்கே கொட்டியும் தீராமல், முகட்டைத் தாண்டித் தூக்கிவந்து இந்தப் பக்கமும் போடுகிறது. மேலே உள்ள அணைகள் நிரம்பிக் கிடப்பதாக முதல் நாள்தான் செய்தியில் சொன்னார்கள். விழுவதை வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. இந்த முறை எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

ஆட்களை வெட்டச் சொல்லிவிட்டுக் கலியபெருமாள் கொல்லைக்குப் போனேன்.

“நீங்களும் வெட்டிடுங்க. மாட்டையும் கரையேத்திடுங்க.”

“ஒரு தடவ வெட்டியாச்சுக்கா. அந்த ருசியே இன்னும் நாக்குல நிக்குது.”

நான் வரப்பில் உட்கார்ந்து ஈரமண்ணை அள்ளி ஒரு சாண் உயரத்துக்கு முகடு பிடித்தேன். அவர் வாய் கொப்பளிக்க வைத்திருந்த சொம்புத் தண்ணீரை அதன் ஒரு பக்கமாக ஊற்றினேன். தண்ணீர் என் காலடிக்கு ஓடிவந்தது. அவர் காலடி காய்ந்தே இருந்தது.

“அன்னைக்கு மழை பேஞ்சது இந்தப் பக்கம். நான் அதப் பாத்துட்டு அந்தப் பக்கம் நின்ன ஒங்கள வெட்டச் சொன்னேன். தப்பு என்னுதுதான். ஒங்க பொண்ணு ஒரு வருஷம் வீட்டுல இருந்ததும் என்னாலதான்.”

இதை நான் அவரிடம் அதற்குமுன் சொன்னதே இல்லை. அவர் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப?” என்றார்.

மிச்சத் தண்ணீரை முகட்டின் தலையிலேயே கவிழ்த்தேன். இரண்டு பக்கமும் ஓடியது. அவர் கால்விரலும் நனைந்தது.

“இதுவும் தப்பாப் போச்சுன்னா?”

“இந்தப் படுகையில இனி நான் வாழை வைக்கல. என் குத்தகைய நீங்களே எடுத்துக்குங்க.”

அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. அந்தக் குத்தகை என் சோறு. அவருக்கும் அது தெரியும். குச்சியைத் துப்பிவிட்டு எழுந்தார்.

“ஒங்களோட பெரிய ரோதனையாப் போச்சு” என்றார். அப்புறம் என் கொல்லையில் இருந்த ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “அக்காளுது முடிஞ்சதும் இங்க வந்துடுங்கப்பா.”

வெட்டி வண்டியேற்றுகிற அமளியில் அதன்பிறகு தங்கைக்கு நான் போன் போடவே இல்லை. மூன்றாம் நாள் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து கரையோர மக்களை எச்சரித்தார்கள். அதற்குள் எங்கள் இரண்டு பேர் தார்களும் ஏலமண்டிக்குப் போய்விட்டன. முத்தாத காய்தான், ஆனாலும் பாதி விலைக்குப் பழுதில்லை. கலியபெருமாள் வெட்டியதைப் பார்த்து இன்னும் பத்துக் கொல்லைக்காரர்கள் வெட்டியிருந்தார்கள். மாடுகள் கரைமேல் நின்று வைக்கோல் தின்றன.

நாலாம் நாள் முற்பகலில் தண்ணீர் வந்தது. சிவப்பாக, மண்வாசனையோடு, நுரை தள்ளிக்கொண்டு வந்தது. வெயில் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. மதியத்துக்குள் வாழை மரங்களின் கழுத்து வரை ஏறிவிட்டது. ஊரே கரையில் நின்றது.

கலியபெருமாள் என் பக்கத்தில் வந்தார். “சரியாத்தான் சொல்லியிருக்கீங்க” என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை. எனக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நாலு பேர் காதில் விழ வேண்டும் என்று, “என்ன சொன்னீங்க?” என்று இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன்.

அப்போது போன் அடித்தது. வளர்மதி.

“வாழை தப்பிச்சிச்சாக்கா?”

“தப்பிச்சிச்சுடி. எல்லாம் ஒன் புண்ணியம். கலியபெருமாளே ஒத்துக்கிட்டாரு.”

அவள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஒரே இரைச்சல். குழந்தைகள் அழுவதும், யாரோ தட்டு கேட்பதும் காதில் விழுந்தன.

“என்னடி சத்தம், கல்யாண வீட்லயா இருக்க?”

“பள்ளிக்கூடத்துல இருக்கோம்க்கா. கெழக்க, களத்துக்குப் பக்கத்துல. அம்பது குடும்பம் இருக்கு.”

“அங்க எதுக்கு?”

“வீடு போயிடுச்சு. பின்னாடி மலை எறங்கிடுச்சு. எங்களுக்கு ஒண்ணும் ஆவல, முன்பக்கமா ஓடியாந்துட்டோம். புள்ளைங்க நல்லா இருக்குங்க.”

“எப்ப?”

“ஒனக்கு ஆறு வெரக்கடைன்னு சொன்னேன் பாரு, அன்னைக்கு. விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி.”

தினமும் கிழக்கு வாளியை அளப்பவர் சந்திரன். அன்று, ‘நானே அளந்தேன்’ என்றாள். மேற்கே வீடு இருக்கிறவள் விடியற்காலையில், அந்தப் பேய்மழையில், கிழக்கே எதற்குப் போனாள் என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை. அளவு சரிதானா என்றுதான் கேட்டேன்.

“ஏண்டி அன்னைக்கே சொல்லல?”

“நீ ஆளுக்குச் சொல்ற அவசரத்துல இருந்த. மழைதான கேட்ட. அதச் சொன்னேன்.”

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. அது இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும். ஏழு வருஷமாக, மழைக்காலம் முழுக்கத் தினமும் பேசியிருக்கிறோம். அத்தனை போனிலும் நான் விசாரித்தது என் வாழையைத்தான். அவமானமாக இருந்தது.

“இப்பக் கேக்குறேன், சொல்லு” என்றேன். “எங்க படுத்திருக்கீங்க? மேல போத்த என்ன இருக்கு? மொதல்லேர்ந்து சொல்லு. நான் நாளைக்கு ரயிலேறி வந்துடறேன், ஆனா இப்பவே சொல்லு.”

சுவரில் முதல் விரிசல் விட்டதிலிருந்து அவள் ஆரம்பித்தாள். சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்தது. கரையில் நின்றவர்கள், இன்னும் எத்தனை அடி ஏறும், எத்தனை அடி ஏறும் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.